அணிலுக்குப் பாடத் தெரியாது



சென்ற தவணையில் உயர்நிலை இரண்டு வகுப்புக்கு நான் ஒரு பயிற்சித்தாள் கொடுத்தேன். அதில் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று, நம் புளோக்குகளுக்கு இடையே இருக்கும் மரங்களில் நாள் முழுதும் ஓடித் திரிகிறதே, அந்த அணில். வாழை அணில் என்பது அதன் பெயர். மற்றொன்று ஒரு பறவை. அதன் தலையும் கன்னமும் காய்ந்த வைக்கோலின் நிறம். தொண்டை வெள்ளை. கண்ணருகிலும் வாயோரத்திலும் மீசை வரைந்தாற்போலக் கறுப்புக் கோடு. வைக்கோல்தலைச் சின்னான் என்று தமிழில் சொல்லலாம். ஆங்கிலத்தில் இதை ஸ்ட்ரா ஹெடட் புல்புல் என்பார்கள். மலாய்க்காரர்களுக்கு இது பாராவ்-பாராவ்.

படங்களுக்குக் கீழே ஒரு கேள்வி. "இவற்றுள் ஒன்று எங்கும் காணப்படுகிறது. மற்றொன்று உலகிலிருந்தே மறையும் நிலையில் உள்ளது. காரணம் கூறுக." இரண்டு மதிப்பெண்.

விடைத்திட்டத்தில் நான் எழுதி வைத்திருந்தது இரண்டே சொல்: வாழிட அழிப்பு. வகுப்பில் ஏறக்குறைய எல்லாரும் அதைத்தான் எழுதியிருந்தார்கள். காடு வெட்டப்பட்டது, மரம் குறைந்தது, கூடு கட்ட இடமில்லை என்று நீட்டி எழுதியவர்களும் உண்டு. ஒரே ஒரு மாணவி மட்டும் "அந்தப் பறவை நன்றாகப் பாடும் என்பதால்" என்று எழுதியிருந்தாள். அவ்வளவுதான். வேறு ஒரு வரி கிடையாது. நான் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்தேன்.

அந்தக் கோடு தவறு என்று சொல்லத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். அதோடு, அழிந்துவரும் உயிரினம் என்றதும் "வாழிட அழிப்பு" என்று நம் கை தானாக எழுதிவிடுகிறதே, அந்தப் பழக்கத்தைப் பற்றியும் கொஞ்சம் சண்டை போட விரும்புகிறேன். அந்தப் பழக்கத்தை உங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் என்னைப் போன்ற ஆசிரியர்கள்தான் என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

ஜூன் பள்ளி விடுமுறையில் புலாவ் உபின் போயிருந்தேன். சாங்கி முனையில் 12 பேர் சேரும்வரை காத்திருந்து படகேறினால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தீவு. பலர் உபினைக் கன்னிக்காடு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது அப்படியல்ல. கருங்கல்லுக்காகத் தோண்டப்பட்ட தீவு அது. காட்டை வெட்டி ரப்பர் நட்டார்கள். கம்பத்து மக்கள் பழத்தோட்டம் போட்டார்கள். பிறகு ஆள்கள் குறைந்தார்கள், தோட்டங்கள் புதர் மண்டின, குழிகளில் நீர் நிறைந்தது. இன்று நாம் அங்கே பார்க்கும் பசுமையில் பெரும்பகுதி அப்படி மறுபடி வளர்ந்ததுதான்.

காலை எட்டு மணி இருக்கும். பழைய ரப்பர் மரங்களுக்கு அப்பாலிருந்து ஒரு பாட்டு வந்தது. யாரோ தண்ணீருக்குள் புல்லாங்குழல் ஊதியதுபோல, குமிழ் குமிழாகப் பொங்கி வரும் ஒலி. ஒன்று பாடி முடிக்குமுன் இன்னொன்று சேர்ந்துகொண்டது. இந்தப் பறவைகள் பெரும்பாலும் இணையாகவோ சிறு குடும்பமாகவோ சேர்ந்து பாடும். நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். பறவையைத் தேடி மேலே பார்த்தால், அதே மரத்தில் ஒரு வாழை அணில். காயைக் கடித்துப் பாதியைக் கீழே போட்டுக்கொண்டிருந்தது.

இரண்டும் ஒரே மரத்தில். என் பயிற்சித்தாளின் இரண்டு படங்களும் எனக்கு முன்னால், ஒரே வாழிடத்தில்! அப்போதுதான் அந்த மாணவியின் பதில் நினைவுக்கு வந்தது.

நீங்கள் ஆய்வகத்தில் "நியாயமான சோதனை" பற்றிப் படித்திருப்பீர்கள். ஒரு மாறியை மட்டும் மாற்ற வேண்டும், மற்றவை ஒன்றாக இருக்க வேண்டும். இயற்கை நமக்கு அப்படி ஒழுங்கான சோதனையை அமைத்துத் தருவதில்லை. ஆனாலும் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அணில் உடல் நீளம் சுமார் 20 செ.மீ., வாலும் கிட்டத்தட்ட அதே அளவு. சின்னான் சுமார் 29 செ.மீ. புல்புல் இனங்களிலேயே மிகப் பெரியது இதுதான். இரண்டும் பகலில் நடமாடும். இரண்டும் பழம் தின்னும், பூச்சியும் தின்னும். அத்தி பழுத்தால் இரண்டும் வரும். காட்டின் ஓரம், ஆற்றோரப் புதர், பழைய தோட்டம், சற்றே அடர்ந்த பூங்கா என்று மனிதன் கலைத்துப்போட்ட இடங்களிலும் இரண்டாலும் பிழைக்க முடியும். சின்னான் அடர்காட்டின் நடுவில் மட்டுமே வாழும் கூச்சக்காரப் பறவை அன்று. ஆறு, ஓடை அருகே இருக்கும் காட்டோரமே அதற்குப் பிடித்த இடம்.

அப்படியென்றால் காடு குறைந்தது மட்டும்தான் காரணம் என்று எப்படிச் சொல்வது?

இங்கே ஒரு கெட்டிக்கார மாணவர் கையைத் தூக்குவார் என்று எனக்குத் தெரியும். "டீச்சர், அணில் பாலூட்டி, சின்னான் பறவை. இரண்டுக்கும் நூறு வித்தியாசம் இருக்கிறது. இதைப் போய் நியாயமான சோதனை என்கிறீர்களே?" சரியான கேள்வி. அணில் ஆண்டு முழுதும் குட்டி போடக்கூடியது. ஓர் ஈற்றுக்குப் பொதுவாக இரண்டு குட்டி. சின்னான் ஒருமுறைக்கு இடுவதும் பெரும்பாலும் இரண்டு முட்டைதான், ஆனால் கிண்ணம்போன்ற திறந்த கூட்டில். பாம்புக்கும் காகத்துக்கும், ஏன் அந்த அணிலுக்கும்கூட, முட்டை கிடைத்தால் விருந்து. வாழை அணில் பறவை முட்டை தின்னும் என்பது உங்களில் பலருக்கு வியப்பாக இருக்கும். கீச்சுக் கீச்சென்று இருப்பதெல்லாம் சாது என்று நினைக்கக் கூடாது.

ஆகவே இன்னும் நெருக்கமான ஒப்பீடு வேண்டும். அது உங்கள் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. தாழ்வாரத்தில் வைத்த பூந்தொட்டியில்கூடக் கூடு கட்டும் ஒரு சிறிய பறவை, வாலடியில் மஞ்சள் நிறம், கண்ணருகே கறுப்பு. மஞ்சள்வாலடிச் சின்னான். அதுவும் ஒரு புல்புல்தான், வைக்கோல்தலையின் நெருங்கிய உறவு. அதுவும் திறந்த கிண்ணக் கூடுதான் கட்டும். அதையும் காகம் தேடும். ஆனால் சிங்கப்பூரில் மிகச் சாதாரணமாகக் காணப்படும் பறவைகளில் அது ஒன்று. அதன் குரல் கலகலவென்று இருக்கும், கேட்க இனிமைதான், ஆனால் வைக்கோல்தலைக்குக் கொடுக்கும் விலையை அதற்கு யாரும் கொடுப்பதில்லை.

விலை. இந்தச் சொல்தான் என் விடைத்திட்டத்தில் இல்லாமல் போனது.

என் பெரியப்பா ஜொகூரில் ஒரு தோட்டத்தில் வேலை செய்தவர். அவர் வீட்டு முன்வாசலில் மூங்கில் கூண்டில் ஒரு பாராவ் இருந்தது. நான் தொடக்கப்பள்ளியில் படித்த காலம். விடுமுறைக்குப் போனால் அதன் பாட்டில்தான் விழிப்போம். பெரியப்பா அதற்குப் பப்பாளி நறுக்கிப் போடுவார், வெட்டுக்கிளி பிடித்து வருவார், மழை வந்தால் முதலில் கூண்டைத்தான் உள்ளே எடுத்து வைப்பார், அப்புறம்தான் காயப்போட்ட துணியை. பெரியம்மாவுக்கு அதில் மிகவும் கோபம்! அவர் அந்தப் பறவையை வெறுத்தவர் இல்லை. தீம்பார் பக்கத்து ஓடையில் அந்தக் காலத்தில் இவை நிறையப் பாடும் என்று அவரே சொல்லியிருக்கிறார். இப்போது அந்தப் பக்கம் போனால் கேட்பதில்லை. இதை நான் அவரைக் குற்றம் சாட்டிச் சொல்லவில்லை. அவரைப்போல அன்பாக வளர்த்தவர்கள் ஆயிரமாயிரம் பேர் இருந்தார்கள், ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு பறவை. அந்தக் கூட்டல் கணக்கை யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

இந்தோனேசியாவில், குறிப்பாக ஜாவாவில், பாடும் பறவை வளர்ப்பது பழைய பண்பாடு. பறவைப் பாட்டுப் போட்டிகள் உண்டு, பரிசுகள் உண்டு, அதற்கென்றே பெரிய சந்தைகள் உண்டு. வைக்கோல்தலைச் சின்னானுக்கு அந்தச் சந்தையில் எப்போதும் மரியாதை. விளைவு என்ன? முன்பு தென் மியன்மார், தாய்லாந்து தொடங்கி, தீபகற்ப மலேசியா, சுமத்ரா, ஜாவா, போர்னியோ வரை பரவியிருந்த பறவை இது. இன்று தாய்லாந்திலும் ஜாவாவிலும் காட்டில் இல்லாமல் போய்விட்டது. சுமத்ராவிலும் மறைந்துவிட்டதாகவே கருதப்படுகிறது. இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் 2016இல் "அழியும் அபாயம்" என்ற படிக்கு ஏற்றப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், 2018இல், "மிகக் கடுமையான அபாயம்" என்ற அடுத்த படி. அதற்கப்புறம் இருக்கும் படி "காட்டில் இல்லை" என்பதுதான். உலகம் முழுவதிலும் முதிர்ந்த பறவைகள் 600 முதல் 1,700 வரைதான் இருக்கும் என்று அப்போது மதிப்பிட்டார்கள். அவற்றில் குறைந்தது 200 நம் சிங்கப்பூரில். அந்த 200இல் பாதியளவு உபின் என்ற அந்தச் சிறிய தீவில்.

ஒரு சின்ன வேடிக்கை. இந்தப் பறவையின் அறிவியல் பெயர் பிக்னோநோட்டஸ் ஸெய்லானிகஸ். ஸெய்லானிகஸ் என்றால் சிலோனைச் சேர்ந்தது, அதாவது இலங்கைப் பறவை. 1789இல் பெயர் வைத்தபோது எங்கிருந்து வந்த பறவை என்பதில் குழப்பம் நேர்ந்து அப்படி ஆகிவிட்டது. இலங்கையில் இது ஒருநாளும் இருந்ததில்லை. ஆனால் பெயர் வைக்கும் விதிப்படி முதலில் வைத்த பெயர் நிற்கும். விடைத்திட்டத்தில் தவறு செய்பவள் நான் மட்டும் இல்லை என்று ஓர் ஆறுதல்!

சரி, அணிலுக்கு வருவோம். அணிலை யாரும் பிடிப்பதே இல்லையா? பிடிக்கிறார்கள், கொல்லவும் செய்கிறார்கள். மலேசியாவில் கொக்கோ, தென்னை, பழத்தோட்டக்காரர்களைக் கேளுங்கள், வாழை அணிலைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வராது. காயைத் துளைத்துவிடும், பழத்தைக் கடித்து வீணாக்கும். பொறி வைப்பார்கள், சுடுவார்கள். பண்பாட்டில் அணிலுக்கு நல்ல பெயர், தோட்டத்தில் கெட்ட பெயர். இராமர் முதுகில் தடவிக்கொடுத்த மூன்று கோடு அணில் இந்தியாவில் இருக்கும் வேறோர் இனம். நம்மூர் வாழை அணிலுக்கு முதுகில் கோடு கிடையாது, விலாவில்தான் கறுப்பும் வெளிர்நிறமுமாக இரண்டு பட்டை, வயிறு செம்பழுப்பு. அது பாலம் கட்டப் போகவில்லை போலும்.

இரண்டையும் மனிதன் பிடிக்கிறான். ஒன்று குறையவில்லை, மற்றொன்று மறைகிறது. இந்த இடத்தில்தான் உண்மையான அறிவியல் இருக்கிறது, கொஞ்சம் கவனித்துப் படியுங்கள்.

உடல் வெப்பம் எப்படிச் சீராக இருக்கிறது என்று பாடத்தில் வருமே, எதிர்மறைப் பின்னூட்டம். சூடு ஏறினால் வியர்வை வரும், சூடு இறங்கும், வியர்வை நிற்கும். ஒரு மாற்றம் தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும் வழியைத் திறந்துவிடுகிறது. அணில் கதை அப்படிப்பட்டது. ஒரு தோட்டத்தில் 100 அணில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இது என் கற்பனைக் கணக்கு. சேதம் அதிகம், தோட்டக்காரர் பொறி வைக்கிறார், 100 அணில் 40 ஆகிறது. இப்போது சேதம் குறைவு. கடைசி அணில்களைத் துரத்தித் துரத்திப் பிடிக்க அவருக்கு என்ன அவசியம்? பொறியை எடுத்து உள்ளே வைத்துவிடுவார். எஞ்சிய 40க்கும் உணவு தாராளம், குட்டிகள் பிழைக்கும், கணக்கு மறுபடி ஏறும். அணில் குறையக் குறைய, அதைப் பிடிக்கும் முயற்சியும் குறைகிறது.

இப்போது சின்னானுக்கு அதே கணக்கைப் போடுங்கள். ஓர் ஆற்றோரத்தில் 100 பறவை. பிடித்துப் பிடித்து 40 ஆகிறது. சந்தையில் வரத்துக் குறைந்ததால் விலை ஏறுகிறது. விலை ஏறியதால் முன்பு ஆர்வம் காட்டாதவரும் வலையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். 40 பறவை 10 ஆகிறது. விலை இன்னும் ஏறுகிறது. "அரிய பறவை" என்ற பெயரே அதற்கு மதிப்பைக் கூட்டுகிறது. கடைசிப் பறவைக்காக ஒருவர் நாள் கணக்கில் காட்டில் படுத்துக்கிடந்தாலும் அது அவருக்கு இலாபம்தான். இங்கே மாற்றம் தன்னை அடக்கிக்கொள்ளவில்லை, தன்னையே ஊதிப் பெரிதாக்கிக்கொள்கிறது. இது நேர்மறைப் பின்னூட்டம். அரிதாவதே ஓர் உயிரினத்தை இன்னும் வேகமாக அழிவுக்குத் தள்ளலாம் என்பதை 2006இல் ஃபிராங்க் கூர்ஷாம் என்ற பிரெஞ்சுச் சூழலியலாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் ஓர் ஆய்வுக் கட்டுரையில் விளக்கினார்கள். இன்று அது பலராலும் பேசப்படும் கருத்து.

ஆக, ஒரு விலங்கை மனிதன் வெறுக்கிறானா விரும்புகிறானா என்பது அதன் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் மாறிகளில் ஒன்று. அதுவும் நாம் நினைப்பதற்கு நேர்மாறான திசையில்! வெறுக்கப்பட்ட அணில் பிழைத்தது. விரும்பப்பட்ட பறவை மறைகிறது.

பாட்டு எதற்கு என்பதையும் யோசியுங்கள். ஒரு சின்னான் இணை பாடுவது நம்மை மகிழ்விக்க அல்ல. "இந்த ஓடைக்கரை எங்களுடையது, உள்ளே வராதே" என்று பக்கத்து இணைக்கு அறிவிக்கிறது. பலமாகப் பாடுகிற இணை நல்ல இடத்தைப் பிடிக்கும், குஞ்சுகளை வளர்க்கும். எத்தனையோ தலைமுறைகளாக இயற்கைத் தேர்வு அந்தக் குரலைத் தீட்டித் தீட்டிக் கொடுத்தது. அந்தக் குரலே பறவை பிடிப்பவருக்கு முகவரியாக ஆகிவிட்டது. தேடி அலைய வேண்டாம், காலையில் காது கொடுத்தால் போதும். பதிவு செய்த பாட்டை ஒலிக்கவிட்டால், அந்நியன் வந்துவிட்டான் என்று எண்ணி விரட்ட வரும் பறவை நேராக வலைக்கு வரும். பறவைக்கு இருக்கும் எந்த உள்ளுணர்வும் இந்த ஆபத்துக்காக உருவானதல்ல. மனிதன் விலை கொடுக்கத் தொடங்கிய காலம், பரிணாமக் கணக்கில் நேற்றுக் காலை.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோளும் வைக்கிறேன். உங்களில் சிலர் இப்போது கைப்பேசியில் பறவைப் படம் எடுக்கிறீர்கள், மகிழ்ச்சி. பறவையை அருகே வரவழைப்பதற்காகக் கைப்பேசியில் அதன் பாட்டை ஒலிக்கவிடாதீர்கள். வலைக்காரர் செய்யும் அதே தந்திரம் அது. வலை இல்லாவிட்டாலும், இல்லாத எதிரியை விரட்டுவதில் பறவையின் நேரமும் ஆற்றலும் வீணாகும், குஞ்சு பசியோடு கூட்டில் கிடக்கும். கூட்டின் இடத்தை வரைபடத்தோடு சமூக ஊடகத்தில் போடவும் வேண்டாம். விருப்பக் குறிகளுக்காகப் போடுகிறீர்கள், அதைப் பார்ப்பவர்கள் எல்லாரும் விருப்பக் குறிக்காக மட்டும் பார்ப்பதில்லை.

இவ்வளவு எழுதிய பிறகு நீங்கள் வேறொரு தவறான பதிலைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. "வாழிடம் ஒன்றும் காரணமில்லை, எல்லாம் வியாபாரம்தான்" என்று அடுத்த தேர்வில் எழுதிவிட்டு என் பெயரைச் சொல்லாதீர்கள். புக்கிட் தீமா காட்டில் ஒருகாலத்தில் வெளிர்நிறப் பெரிய அணில் ஒன்று இருந்தது. வாழை அணிலைவிடப் பல மடங்கு பெரியது. அதைக் கடைசியாகப் பார்த்தது 1990களில். அதற்குப் பாடவும் தெரியாது, சந்தையில் விலையும் இல்லை. பரந்த, உயர்ந்த, தொடர்ச்சியான காடு அதற்கு வேண்டியிருந்தது. சிங்கப்பூர் தன் பழைய காட்டில் 95 விழுக்காட்டுக்கும் மேல் இழந்துவிட்டது, மீந்த துண்டுகள் அதற்குப் போதவில்லை. அந்த அணிலின் படத்தை நான் பயிற்சித்தாளில் போட்டிருந்தால், "வாழிட அழிப்பு" முழு மதிப்பெண் விடை. ஒரே அணில் குடும்பத்தில் ஒன்று எங்கும் இருக்கிறது, மற்றொன்று போய்விட்டது.

(அணிலைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. புக்கிட் தீமாவில் கூரிய மூக்குள்ள "அணில்" ஒன்றைப் பார்த்தால் ஏமாந்துவிடாதீர்கள். அது மரமூஞ்சூறு. அணிலும் இல்லை, எலி வகைக் கொறிணியும் இல்லை. மலாயில் இரண்டையும் துப்பாய் என்றே சொல்வார்கள். அதிலிருந்துதான் மரமூஞ்சூறின் அறிவியல் பெயரான துப்பையா வந்தது.)

இன்னும் ஒரு படி மேலே போகலாம். நம் சின்னானுக்கே, எல்லா ஊரிலும் காரணம் ஒன்றல்ல. ஜாவாவில் அதைத் துடைத்தெடுத்ததில் சந்தைக்குப் பெரும் பங்கு. சிங்கப்பூரில் வனவிலங்கைப் பிடிப்பது சட்டப்படி குற்றம், கண்காணிப்பும் இருக்கிறது, உபின் போல ஒரு தீவில் வலையோடு போய்க் கூண்டோடு யார் கண்ணிலும் படாமல் திரும்புவது எளிதல்ல. 2022 நவம்பரில் பனாமாவில் நடந்த சைட்டிஸ் மாநாட்டில், சிங்கப்பூரும் மலேசியாவும் அமெரிக்காவும் சேர்ந்து முன்மொழிந்து, இந்தப் பறவையை முதலாம் பின்னிணைப்புக்கு மாற்றினார்கள். 1997 முதல் இரண்டாம் பின்னிணைப்பில்தான் இருந்தது. இனி, காட்டில் பிடித்த பறவையை நாடு விட்டு நாடு வணிகத்துக்குக் கொண்டுபோக முடியாது. ஆனால் அந்த ஒப்பந்தம் எல்லை தாண்டும் வணிகத்தை மட்டுமே பார்க்கும். ஒரு நாட்டுக்குள்ளேயே பிடித்து அங்கேயே விற்றால், அந்நாட்டின் சொந்தச் சட்டம்தான் தடுக்க வேண்டும்.

இங்கே வலை அடங்கியிருப்பதால், சின்னானுக்கு இனி எது பெரிய கேள்வி என்று நினைக்கிறீர்கள்? என் எண்ணத்தில், நிலம்தான். பெருநிலத்தில் அது வாழும் புதர்க்காடுகள் பல, "வெறுமனே புதர் மண்டிய இடம்" என்று நம் கண்ணுக்குப் படுபவை. கன்னிக்காடு என்றால் பாதுகாக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். பழைய ரப்பர் தோட்டம், கைவிட்ட பழத்தோட்டம், ஓடையோரப் புதர் என்றால், அதை அழித்தால் என்ன என்று கேட்போம். வீடு வேண்டும், சாலை வேண்டும், அதை நான் மறுக்கவில்லை, நானும் வீவக வீட்டில்தான் குடியிருக்கிறேன். ஆனால் உலகில் மிஞ்சிய சில நூறு பறவைகளில் ஒரு பெரும் பங்கு அந்த அலட்சியமான புதரில் பாடிக்கொண்டிருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது வேறு, தெரியாமல் எடுப்பது வேறு. அப்படிப்பட்ட இடத்தில் வாழை அணில் வீட்டை இழந்தால் பக்கத்துப் புளோக் மரத்துக்குத் தாவிவிடும். சின்னான் எங்கே தாவும்?

அப்படியானால் என் விடைத்திட்டமும் முழுப் பொய் இல்லை. ஜாவாவுக்கு அந்த மாணவியின் விடை சரி. சிங்கப்பூருக்கு, நாம் கவனமாக இல்லாவிட்டால், என் விடை சரியாகிவிடக்கூடும்.

விடுமுறை முடிந்ததும் அந்தத் தாளை அவளிடமிருந்து திரும்பக் கேட்டேன். பைக்குள் கசங்கிக் கிடந்ததை எடுத்துக் கொடுத்தாள். சிவப்புக் கோட்டை அடித்துவிட்டு ஒரு மதிப்பெண் போட்டேன். எப்படித் தோன்றியது என்று கேட்டேன். "தாத்தா காப்பிக்கடைக்குக் கூண்டு எடுத்துக்கிட்டுப் போவாரு டீச்சர். பாடாத குருவிய யாரும் வாங்க மாட்டாங்கன்னு சொல்லுவாரு" என்றாள். அவர் வளர்ப்பது வைக்கோல்தலை இல்லை, மாத்தா புத்தே என்னும் சிறிய வெள்ளைக்கண்ணிதான் என்றும் அவசர அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள்.

கேள்வியையும் மாற்றிவிட்டேன். அடுத்த ஆண்டு வகுப்புக்கு வருபவர்கள், "எந்த ஊரில் என்று குறிப்பிட்டுக் காரணம் கூறுக" என்ற வரியைப் பார்ப்பார்கள்.

தாளை வாங்கிக்கொண்டு அவள் நகரவில்லை. "இன்னொரு மதிப்பெண், டீச்சர்?"

"ஒரு வரிதானே எழுதியிருக்கிறாய்? விளக்கம் எங்கே?" என்றேன்.